தான்சானியா: கூடிவந்த தேசமும் கூட்டிவைத்த கிராமங்களும்

ஆப்பிரிக்கக் கண்டத்தில் 1960ஆம் ஆண்டில் மட்டும் 17 நாடுகள் விடுதலை பெற்றன. அந்த நாடுகள் கைக்கொண்ட எல்லைக்கோடுகளில் பெரும்பாலானவை, 1884-85இல் பெர்லினில் நடந்த மாநாட்டையும் அதைத் தொடர்ந்த இருபது ஆண்டுகளையும் ஒட்டி, ஐரோப்பிய அரசுகள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டவையாகும். கோட்டின் இரு பக்கத்திலும் ஒரே மொழியினர் பிரிந்து கிடந்தனர். கோட்டுக்குள்ளேயோ ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாத பல்வேறு இனக்குழுக்கள் ஒரே ஆட்சியின்கீழ் அடைபட்டிருந்தன. ஆகவே விடுதலை இயக்கத் தலைவர்கள் அந்நிய ஆட்சியை அகற்றியதோடு அவர்கள் பணி முடிந்துவிடவில்லை. அந்த ஆட்சி வரைந்த எல்லைக்குள் வாழ்ந்த மக்களிடையே ‘நாம் ஒரு நாட்டினர்’ என்ற உணர்வை உண்டாக்கும் வேலை, அதாவது தேச ஆக்கம், அப்போதுதான் தொடங்கியது.

இந்த வேலையில் வெற்றி கண்ட நாடாகத் தான்சானியாவை வரலாற்று அறிஞர்கள் அடிக்கடி சுட்டுகின்றனர். 120க்கும் மேற்பட்ட இனக்குழுக்களைக் கொண்ட அந்நாட்டின் எல்லையை ஒட்டிய ருவாண்டா, புருண்டி, உகாண்டா, காங்கோ, மொசாம்பிக் ஆகியவை உள்நாட்டுப் போரிலோ இனப்படுகொலையிலோ கொடுங்கோன்மையிலோ சிக்கிப் பல லட்சம் உயிர்களை இழந்தபோதும், தான்சானியாவின் பெருநிலப்பரப்பில் இனக்குழுக்களுக்கிடையே போர் மூளவில்லை. எனினும் அதே நாடுதான், அதே தலைவரின் காலத்தில், அதே கட்சியின் ஆட்சியில், உழவர்களைக் கட்டாயமாக இடம்பெயர்த்துத் தன் வேளாண்மையைக் குலைத்துக்கொண்டது. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்த்துப் புகழ்வோரும் பழிப்போரும் உண்டு. சேர்த்துப் பார்க்கும்போதுதான் தேச ஆக்கத்தின் உண்மையான கடினம் விளங்குகிறது.

இன்றைய தான்சானியாவின் பெருநிலப்பகுதியான டாங்கனிகா, 1885 முதல் ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவின் பகுதியாக இருந்தது. பருத்தியைக் கட்டாயமாகப் பயிரிட வைத்த ஜெர்மானிய ஆட்சிக்கு எதிராக, 1905இல் தென்கிழக்கிலுள்ள மட்டும்பி மலைப்பகுதியில் எழுந்த கிளர்ச்சி மிக விரைவில் இருபதுக்கும் மேற்பட்ட இனக்குழுக்களிடையே பரவியது. கிஞ்சிகிடிலே என்ற அருள்வாக்குக் கூறுபவர், துப்பாக்கிக் குண்டைத் தண்ணீராக்கிவிடும் என்று நம்பப்பட்ட புனித நீரை மக்களுக்கு வழங்கினார். சுவாகிலி மொழியில் தண்ணீரைக் குறிக்கும் ‘மாஜி’ என்ற சொல்லாலேயே அந்தப் போர் மாஜி மாஜி என அறியப்படுகிறது. கிஞ்சிகிடிலே தொடக்கத்திலேயே தூக்கிலிடப்பட்டபோதும் போர் 1907 வரை நீடித்தது. வயல்களையும் களஞ்சியங்களையும் எரித்து ஜெர்மானியப் படை வேண்டுமென்றே உண்டாக்கிய பஞ்சமே குண்டுகளைவிடப் பெருங்கொலை புரிந்தது. இறந்தோர் எண்ணிக்கை குறித்த மதிப்பீடுகள் 75,000இலிருந்து 3,00,000 வரை வேறுபடுகின்றன. பலவேறு குழுக்கள் ஒன்றாகப் போரிட முடியும் என்ற நினைவையும், ஆயுதத்தால் மட்டும் வெல்ல முடியாது என்ற பாடத்தையும் அந்தப் போர் அடுத்த தலைமுறைக்கு விட்டுச்சென்றது.

முதல் உலகப் போருக்குப் பின் டாங்கனிகா பிரிட்டனின் பொறுப்பில் விடப்பட்டது. பிரிட்டிஷ் ஆளுநரான டொனால்டு கேமரூன் 1920களில் மறைமுக ஆட்சி முறையைப் புகுத்தினார். உள்ளூர்த் தலைவர்களைக் கொண்டே வரி வசூலித்து வழக்குத் தீர்த்து, ஒவ்வோர் இனக்குழுவையும் தனித்தனி நிர்வாக அலகாக வைத்து ஆளும் முறை அது. தெளிவான தலைமை இல்லாத இடங்களில்கூடத் தலைவர்கள் உருவாக்கி அமர்த்தப்பட்டனர். இனக்குழுப் பிரிவினையை இறுக்கக்கூடிய இந்த ஏற்பாட்டுக்கு எதிர்த்திசையில் இழுத்த ஒரு வலிய சக்தியும் அங்கே இருந்தது. அதுதான் சுவாகிலி மொழி. கடற்கரையில் தோன்றி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சான்சிபாரிலிருந்து தபோரா, உஜிஜி வரை சென்ற வணிகக் கூட்டங்களோடு உள்நாட்டில் பரவிய அம்மொழியை, ஜெர்மானியர் தம் கீழ்நிலை நிர்வாகத்தில் பயன்படுத்தினர். பிரிட்டிஷார் தொடக்கப் பள்ளிகளில் வைத்தனர். 1930இல் அமைந்த ஒரு குழு சான்சிபார் வழக்கை அடிப்படையாகக் கொண்டு அதன் எழுத்து வடிவைத் தரப்படுத்தியது. பெரிய இனக்குழு எதற்கும் அது தாய்மொழியாக இல்லாததே அதன் பெரும் பலம் ஆயிற்று. எந்தக் குழுவும் மற்றொன்றின் மொழிக்குப் பணிந்ததாக எண்ண வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1946இல், டாங்கனிகா ஐக்கிய நாடுகள் சபையின் மேற்பார்வையில் வரும் பொறுப்பாட்சிப் பகுதி ஆனது. தன்னாட்சிக்குத் தயார்ப்படுத்தவே அந்தப் பகுதி பிரிட்டனிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது என்பது இதன் பொருளாதலால், அடிமைப்பட்ட பெரும்பாலான நாடுகளுக்கு இல்லாத ஒரு முறையீட்டு மன்றம் அந்த மக்களுக்குக் கிடைத்தது. பதின்மூன்று ஐரோப்பியப் பண்ணைக்காரர்களுக்கு இடம் தருவதற்காக 1951இல் மேரு மலைப்பகுதியிலிருந்து சுமார் 3,000 பேர் வெளியேற்றப்பட்டபோது, கிரிலோ ஜாபெட் என்பவர் அந்த வழக்கை 1952இல் ஐ.நா. வரை எடுத்துச் சென்றார். நிலம் திரும்பவில்லை, ஆனால் பணம் சேர்த்துத் தம் ஆளை நியூயார்க்குக்கு அனுப்ப முடியும் என்று ஒரு சிறிய மலை இனக்குழு காட்டியது நாடெங்கும் பேசப்பட்டது. இதே ஆண்டுகளில் பிரிட்டிஷ் அரசு நடத்திய நிலக்கடலைத் திட்டமும் இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. போருக்குப் பின் பிரிட்டனில் நிலவிய சமையல் எண்ணெய்த் தட்டுப்பாட்டைப் போக்க, கோங்வா முதலிய இடங்களில் லட்சக்கணக்கான ஏக்கரில் இயந்திரங்களைக் கொண்டு கடலை பயிரிட 1947இல் தொடங்கிய அத்திட்டம், மண்ணின் இறுக்கத்தையும் மழையின் போக்கையும் அறிந்த உள்ளூர் உழவரிடம் ஒரு சொல் கேளாமல் வகுக்கப்பட்டதால், ஏறத்தாழ 3.6 கோடி பவுண்டை விழுங்கிவிட்டு 1951இல் கைவிடப்பட்டது. உழவரைக் கேளாத வேளாண் திட்டம் எங்கு போய் முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எச்சரிக்கை ஒரு நாட்டுக்குக் கிடைத்திருக்க முடியாது.

புட்டியாமா என்ற ஊரில் சனாகி என்ற சிறிய இனக்குழுவின் தலைவருக்கு மகனாக 1922இல் பிறந்த ஜூலியஸ் நைரேரே, உகாண்டாவின் மகெரெரேயிலும் ஸ்காட்லாந்தின் எடின்பரோவிலும் கற்றுத் திரும்பிப் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். 1929 முதல் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் கூடும் மன்றமாக இயங்கிவந்த டாங்கனிகா ஆப்பிரிக்கச் சங்கத்தை, 1954 ஜூலை 7 அன்று அவரும் தோழர்களும் டாங்கனிகா ஆப்பிரிக்க தேசிய ஒன்றியம் என்ற அரசியல் கட்சியாக மாற்றினர். சுருக்கமாக டானு எனப்பட்ட அக்கட்சி தன் கூட்டங்களைச் சுவாகிலியில் நடத்தியதால், ஊருக்கு ஊர் மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டிய நிலை அதற்கு நேரவில்லை. தலைவர்களின் கல்வியைப் பற்றியே பேசும் நூல்கள் எளிதில் மறந்துவிடும் ஒருவர் பீபீ டிட்டி முகமது. நான்காண்டுப் பள்ளிப் படிப்பு மட்டுமே பெற்ற இந்த முஸ்லிம் பெண்மணி தார் எஸ் சலாமில் பெண்களின் நடனக் குழுக்களில் புகழ்பெற்ற பாடகியாக இருந்தார். கட்சியின் மகளிர் பிரிவுக்கு 1955இல் தலைமை ஏற்ற அவர், பல இனக்குழுப் பெண்கள் ஏற்கெனவே கூடிப் பாடி, சிறுசேமிப்பும் உதவியும் செய்துகொண்டிருந்த அந்தக் குழுக்களின் வழியாகவே சில மாதங்களில் ஆயிரக்கணக்கானோரைக் கட்சிக்குள் கொண்டுவந்தார். வடக்கே சுகுமா நிலத்தில் பருத்தி உழவர்களைப் பால் பொமானி ஒருங்கிணைத்த கூட்டுறவுச் சங்கங்களும், கிளிமஞ்சாரோ சரிவில் காப்பி விளைவிப்போரின் சங்கங்களும் இவ்வாறே இயக்கத்துக்குத் தோள் கொடுத்தன. தேசியத்தை மக்களிடம் கொண்டுசேர்த்தவர் தலைவர் என்று சொல்வதைவிட, மக்கள் தாமே வைத்திருந்த கூட்டமைப்புகளை ஒரு கட்சி அறிந்து பயன்படுத்திக்கொண்டது என்று சொல்வதே பொருந்தும்.

இந்த அடித்தளம்தான் 1958இல் கட்சியைக் காப்பாற்றியது. ஒவ்வொரு வாக்காளரும் ஓர் ஆப்பிரிக்கர், ஓர் ஆசியர், ஓர் ஐரோப்பியர் என மூவருக்கு வாக்களித்தே தீரவேண்டும் என்றும், வாக்குரிமைக்கு வருமானமோ கல்வியோ வேண்டும் என்றும் பிரிட்டிஷார் விதித்த தேர்தலைப் புறக்கணிக்கவே கட்சித் தொண்டர்கள் விரும்பினர். தபோராவில் கூடிய கட்சி மாநாட்டில் நைரேரே பங்கேற்பின் பக்கம் வாதிட்டு வென்றார். கட்சி தன் கொள்கையை ஏற்ற ஐரோப்பியரையும் ஆசியரையும் ஆதரித்துப் போட்டியிட்டு வாகை சூடியது. 1960 தேர்தலில் 71 இடங்களில் 70 அதன் கைக்கு வந்தன. விடுதலைக்கு முந்தைய மாதங்களில், குடியுரிமையை ஆப்பிரிக்கருக்கு மட்டுமே வழங்க வேண்டும் என்று தம் கட்சி உறுப்பினர்களே சட்டமன்றத்தில் வற்புறுத்தியபோது, நிறத்தின் பேரால் குடிமக்களைப் பிரிப்பதற்குத் தாம் உடன்பட முடியாது என்று நைரேரே கடுமையாக எதிர்த்து நின்றார். விடுதலைப் போராட்டத்தின் நெறியை வெற்றிக்குப் பின்னும் காத்த அந்த நிலைப்பாடு ஆப்பிரிக்க வரலாற்றின் பெருமைக்குரிய தருணங்களுள் ஒன்று.

டாங்கனிகா 1961 டிசம்பர் 9 அன்று விடுதலை பெற்றபோது நாட்டில் இரண்டு பொறியாளர்களும் 12 மருத்துவர்களுமே இருந்தனர் என்று நைரேரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். பணமும் படித்தவர்களும் இல்லாத புதிய அரசு, செலவு குறைந்த ஆனால் ஆழமாகச் செல்லும் வழிகளில் தேசத்தைக் கட்டத் தொடங்கியது. இனக்குழுத் தலைவர்களின் ஆட்சி அதிகாரம் 1963இல் சட்டப்படி நீக்கப்பட்டது. அதைச் செய்தவரே ஒரு தலைவரின் மகன் என்பதால் அந்த நடவடிக்கையில் எந்தக் குழுவும் வஞ்சம் காண முடியவில்லை. தொடக்கக் கல்வி முழுவதும் சுவாகிலியில் அமைந்தது. 1967இல் அரசு அலுவல்களையும் அம்மொழியில் நடத்த ஆணை பிறந்தது. அதே ஆண்டில் மொழி வளர்ச்சிக்கென தேசியக் குழுவும் நிறுவப்பட்டது. நாட்டுத் தலைவரான நைரேரேவே ஷேக்ஸ்பியரின் இரு நாடகங்களைச் சுவாகிலியில் பெயர்த்து வெளியிட்டார். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தம் மாவட்டத்துக்கு அப்பாலுள்ள விடுதிப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். அரசு ஊழியர்கள் பிறந்த ஊரில் பணிபுரியாமல் நாடெங்கும் மாற்றப்பட்டனர். இவற்றால் குழு கடந்த நட்பும் திருமணமும் பெருகின. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனக்குழுவைக் கேட்கும் வழக்கம் 1967க்குப் பின் கைவிடப்பட்டது. ஒரு குழுவின் எண்ணிக்கையைக் காட்டிப் பங்கு கேட்கும் அரசியல் வேரூன்றாமல் போனதற்கு இந்தச் சிறிய நிர்வாக முடிவுக்கும் பங்குண்டு.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. விசாரணையின்றிச் சிறைவைக்க வழிசெய்யும் தடுப்புக்காவல் சட்டம் 1962இலேயே வந்துவிட்டது. 1964 ஜனவரியில் பக்கத்துத் தீவான சான்சிபாரில் புரட்சி வெடித்து ஆயிரக்கணக்கான அரபியரும் இந்தியரும் கொல்லப்பட்ட சில நாட்களில், டாங்கனிகாவின் படைவீரர்களும் கலகம் செய்தனர். அதை அடக்கப் பழைய ஆட்சியாளரான பிரிட்டனின் படையையே அழைக்க வேண்டிய இழிவு நைரேரேவுக்கு நேர்ந்தது. ஏப்ரல் 26 அன்று டாங்கனிகாவும் சான்சிபாரும் ஒன்றிணைந்து, அவ்வாண்டின் பிற்பகுதியில் தான்சானியா என்ற பெயரைப் பெற்றன. இரு மக்களிடமும் வாக்கெடுப்பு நடத்தாமல் தலைவர்கள் செய்துகொண்ட அந்த ஒப்பந்தத்தைப் பற்றிய மனக்குறை தீவில் இன்றும் ஆறவில்லை. 1965 முதல் சட்டப்படி ஒரே கட்சி ஆட்சி நிலவியது. பாடி அழைத்துப் பெண்களை இயக்கத்தில் சேர்த்த பீபீ டிட்டியே தேசத்துரோக வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று, 1972இல் விடுவிக்கப்பட்டார் என்பதிலிருந்து, மாற்றுக் குரலுக்கு அந்த ஆட்சி விட்டுவைத்த இடம் எவ்வளவு என்பது தெரியும்.

ஒருமைப்பாடு ஓரளவு கைகூடிய நிலையில், 1967 பிப்ரவரியில் அருஷா நகரில் ஏற்கப்பட்ட பிரகடனம் நாட்டின் பொருளாதாரப் பாதையை அறிவித்தது. வெளிநாட்டுக் கடனை நம்பாத தற்சார்பு, வங்கிகளையும் பெருந்தொழில்களையும் நாட்டுடைமை ஆக்குதல், தலைவர்கள் வாடகை வீடும் நிறுவனப் பங்கும் வைத்திருக்கத் தடை ஆகியவை அதன் கூறுகள். கொள்கையின் பெயர் உஜமா. குடும்ப உறவைப் போன்ற கூட்டுறவு என்று அதை விளக்கலாம். ஆப்பிரிக்கக் கூட்டுக் குடும்பத்தில் உழைப்பும் உணவும் பொதுவாக இருந்ததுபோல், சிதறி வாழும் உழவர்கள் தாமாக விரும்பிக் கிராமங்களில் கூடி, பொது வயலில் உழைத்து, பள்ளியையும் மருத்துவமனையையும் பொதுவில் பெற வேண்டும் என்று நைரேரே எழுதினார். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதை அவரே அழுத்தமாகச் சொல்லியிருந்தார்.

அவர் கனவு கண்ட அத்தகைய கிராமம் நாட்டின் தெற்கில் ஏற்கெனவே உயிரோடு இருந்தது. மொசாம்பிக் எல்லையை ஒட்டிய ருவுமா பகுதியில், விடுதலைக்கு முன்பின்னான ஆண்டுகளில் லிட்டோவா என்ற இடத்தில் கட்சியின் இளைஞர்கள் சிலர் குடியேறிப் பொதுவாகப் பயிரிடத் தொடங்கினர். பல முறை தோற்று, பசி தாங்கி, விவாதித்து விவாதித்தே தம் விதிகளை வகுத்துக்கொண்ட அவர்கள், தங்கள் தேவைக்கேற்ற பாடத்திட்டத்தோடு பள்ளி நடத்தினர். மாவு ஆலை வைத்தனர். அக்கம்பக்கத்து ஊர்களும் சேர, ருவுமா வளர்ச்சிச் சங்கம் என்ற கூட்டமைப்பு 17 கிராமங்கள் வரை வளர்ந்தது. நைரேரே அங்கே நேரில் சென்று பார்த்திருக்கிறார். அவருடைய எழுத்துகளில் அந்த ஊர்களின் அனுபவம் படிந்திருக்கிறது. ஆனால் வேலைத் திட்டத்தை ஊர்க்கூட்டத்தில் முடிவுசெய்துகொண்ட அந்த உழவர்கள், மாவட்ட அதிகாரி சொன்ன பயிரை அவர் சொன்ன முறையில் பயிரிட மறுத்தனர். கட்சியின் கட்டளைக்கு வெளியே இயங்கும் ஓர் அமைப்பு நாட்டில் இருக்கலாகாது என்று மத்தியக் குழு 1969 செப்டம்பரில் முடிவெடுத்தது, சங்கம் கலைக்கப்பட்டது, உடைமைகள் பறிக்கப்பட்டன, பள்ளி ஆசிரியர்கள் வேறு இடங்களுக்கு மாற்றப்பட்டனர். அந்த முடிவைத் தடுக்க நைரேரேவால் இயலவில்லை, அல்லது அவர் துணியவில்லை. உஜமாவின் தோல்விக்குத் தேதி குறிக்க வேண்டுமானால், பெட்ரோல் விலையேற்றத்தையோ வறட்சியையோ அல்ல, இந்த நாளையே குறிக்க வேண்டும்.

அதன்பின் வந்தது மேலிருந்து இறங்கிய கிராமம். விருப்பத்தால் கூடியோர் குறைவாக இருக்கவே, கிராமத்தில் வாழ்வது இனி ஆணை என்று 1973 நவம்பரில் நைரேரே அறிவித்தார்; 1976க்குள் எல்லோரும் குடியேறிவிட வேண்டும் என்பது கெடு. அடுத்த மூன்று ஆண்டுகளில் இடம்பெயர்க்கப்பட்டோர் குறைந்தது 50 லட்சம் பேர். எண்ணிக்கை காட்டுவதில் மாவட்டங்கள் ஒன்றோடொன்று போட்டியிட, சில இடங்களில் திரும்பிப் போகாதபடி பழைய வீடுகள் எரிக்கப்பட்டன. அதிகாரிகளின் வண்டி சென்றுவர வசதியாகச் சாலையோரங்களில் வீடுகள் நேர்வரிசையில் அமைந்தன. வயலோ மணிக்கணக்கில் நடந்துபோகும் தொலைவில் கிடந்தது. எந்தச் சரிவில் ஈரம் நிற்கும், எந்த மண்ணை எத்தனை ஆண்டு ஆறப்போட வேண்டும் என்ற தலைமுறை அறிவு, மண் மாறியதும் பயனற்றுப் போயிற்று. வறட்சியும் சேர்ந்துகொள்ள, 1974-75இல் பெருமளவு தானியத்தை வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு, இயக்கத்தை வளர்த்த கூட்டுறவுச் சங்கங்களையே 1976இல் அரசு கலைத்து, கொள்முதலை அரசு வாரியங்களிடம் கொடுத்தது. அந்த வாரியங்கள் தாமதமாகவும் குறைவாகவும் விலை தர, உழவர்கள் விளைச்சலைக் கள்ளச்சந்தைக்குத் திருப்பினர். 1982இல் சட்டம் இயற்றிக் கூட்டுறவுகளை மீண்டும் அனுமதித்தபோது, கலைத்தது தவறு என்பதை அரசே ஏற்றுக்கொண்டதாயிற்று. நிலக்கடலைத் திட்டத்தில் லண்டன் அதிகாரிகள் செய்ததைத் தார் எஸ் சலாம் அதிகாரிகள் தம் மக்கள்மீதே செய்தனர் என்று சொல்வது கடுமையான தீர்ப்பு. ஆயினும் அதிலிருந்து விலக வழியில்லை.

தேசத்தைச் சேர்த்த முயற்சியும் கிராமத்தைச் சேர்த்த முயற்சியும் எங்கே வேறுபட்டன என்பதற்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. முன்னது சுவாகிலி மொழி, நடனக் குழு, கூட்டுறவு என மக்களிடம் முன்பே இருந்தவற்றின்மீது எழுப்பப்பட்டது. பின்னது மக்களிடம் இருந்தவற்றை அகற்றிவிட்டு அந்த இடத்தில் எழுப்பப்பட்டது. ஆயினும் உழவரை இவ்வளவு வாட்டிய அரசுக்கு எதிராக இனத்தின் பேரில் ஒரு கிளர்ச்சியும் எழவில்லை. பள்ளிகளும் மருந்தகங்களும் கிணறுகளும் புதிய கிராமங்களுக்கு உண்மையிலேயே வந்தன என்பதும் அதற்கு ஒரு காரணம். எழுத்தறிவு பெற்ற வயதுவந்தோர் விகிதம் 1980களின் நடுவில் அரசின் கணக்குப்படி 90 சதவீதத்தை எட்டியது.

அந்த ஏழை நாடு அண்டை நாடுகளின் விடுதலைக்காகச் செலுத்திய விலையும் சிறிதன்று. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் விடுதலைக் குழு 1963 முதல் தார் எஸ் சலாமில் இயங்கியது. மொசாம்பிக்கின் பிரெலிமோ இயக்கம் 1962இல் அங்கேதான் தோன்றியது. அதன் தலைவர் எதுவார்து மொந்த்லானே 1969இல் அந்நகரிலேயே பார்சல் குண்டால் கொல்லப்பட்டார். 1978இல் உகாண்டாவின் இடி அமீன் ககெரா பகுதியை ஆக்கிரமித்தபோது, தான்சானியப் படை அவரை விரட்டியதோடு நில்லாமல் 1979 ஏப்ரலில் கம்பாலாவைக் கைப்பற்றி அவர் ஆட்சியை முடித்தது. அந்தப் போரின் செலவும், எண்ணெய் விலையும், 1977இல் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் உடைந்ததும் ஏற்கெனவே தளர்ந்திருந்த பொருளாதாரத்தை வீழ்த்தின.

நைரேரே 1985இல் தாமாகவே பதவி விலகினார். பதவியிலேயே முதுமையடைந்தோ கவிழ்க்கப்பட்டோ போன தலைவர்கள் நிறைந்த கண்டத்தில் அது அரிய செயல். அடுத்து வந்த அலி ஹசன் முவின்யி 1986இல் சர்வதேச நாணய நிதியத்துடன் உடன்படிக்கை செய்துகொள்ள, அருஷா பாதை நடைமுறையில் முடிவுக்கு வந்தது. பல கட்சி முறை வேண்டுமா என்று ஆராய 1991இல் தலைமை நீதிபதி பிரான்சிஸ் நியாலாலி தலைமையில் அமைந்த ஆணையத்திடம், கருத்துச் சொன்னோரில் ஐந்தில் நான்கு பங்கினர் ஒரே கட்சி ஆட்சியே தொடரட்டும் என்றனர். ஆனாலும் சிறுபான்மையோரின் கருத்துக்கும் இடம் வேண்டும் என்று ஆணையம் பல கட்சி முறையைப் பரிந்துரைக்க, ஓய்விலிருந்த நைரேரேவும் அதை ஆதரித்தார்; 1992இல் சட்டம் மாறியது. உரிமைகளைப் பறிப்பவை என்று திருத்தவோ நீக்கவோ அதே ஆணையம் பட்டியலிட்ட 40 சட்டங்களில் 1962இன் தடுப்புக்காவல் சட்டமும் ஒன்று. டானுவும் சான்சிபாரின் ஆளும் கட்சியும் 1977இல் இணைந்து உருவான சி.சி.எம். கட்சிதான், பல கட்சித் தேர்தல்கள் தொடங்கிய 1995க்குப் பின்னும் ஒவ்வொரு முறையும் வென்று ஆட்சியில் இருக்கிறது.